சான்றுப்பொருள் இலக்கம் ஏழு

தொண்டைமானாற்றுக்கு வெளியே மறித்த படகில்
உரச்சாக்கொன்று, அதற்குள் முப்பத்தெட்டு.
ஒவ்வொன்றும் ஒரு பள்ளிக்கூடக் காலுறைக்குள்
ரேப் சுற்றி.
பிரித்தபோது முதலில் வந்தது மூத்திர நாற்றம்,
பிறகு நகம்.

நட்சத்திர ஆமை என்கிறது குற்றப்பத்திரம்.
எனக்கென்னவோ
கீழே படுத்து அண்ணாந்து பார்த்த வடலி:
நடுவில் குருத்து, சுற்றிவர மஞ்சள் ஈர்க்கு.

பருத்தித்துறை நீதிமன்றின் பின்வளவில்
பிடிபட்ட மணல் லொறிக்கும்
சங்கிலி கழன்ற சைக்கிள்களுக்கும் நடுவே
கோழிவலை அடித்துத் தந்தார்கள்.
மார்க்கரால் முதுகில் இலக்கம் போட்டவள் நான்.
7/12 இரண்டாம் நாளே செத்தது.
அதையும் பொலித்தீனில் கட்டிப்
பத்திரப்படுத்தச் சொன்னது கட்டளை.

தீன்செலவுக்குக் கணக்கில் தலைப்பில்லை.
'எழுதுகருவிகள்' என்பதன் கீழ் எழுதினேன்
பயற்றங்காய், பசளிக்கீரை, ஒரு பூசணிக்கீற்று.

சட்டத்தரணி கேட்டார்:
இவை இந்த மண்ணுடையவையா, அக்கரையிலிருந்து வந்தவையா?
வனசீவராசி உத்தியோகத்தர் கோகுலவாசன்
இரத்தம் எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்.
தெரியாமல் பிழையான காட்டில் விட்டால்
இனம் கலந்துவிடும் என்றார்.
சரிதான், அவர் படித்தவர்.
ஆனாலும் அந்தச் சொல்லை நான்
எங்கெல்லாமோ கேட்டிருக்கிறேன்.

பிணையில் நிற்கும் மணற்காட்டு டெனிஸ்ரன்
தவணைக்கு வரும்போதெல்லாம் வலைக்குள் எட்டிப் பார்ப்பான்.
ஒரு சோடிக் காலுறை தங்கச்சியுடையதாம்,
திருப்பித் தரலாமா அக்கா என்றான்.
அதுவும் சான்றுப்பொருள் என்றேன்.

ஐப்பசியின் முதல் மழைக்கு மறுநாள்
சைக்கிள் ரயரடியில் 7/21
தன் மூத்திரத்தால் மண்ணை இளக்கிக்
கிண்டிக்கொண்டிருந்தது,
ஒரு பின்னங்கால், பிறகு மற்றது.
இந்த வளவில் ஒரு வேலை
தொடங்கிய அன்றே முடிந்ததை
அன்றைக்குத்தான் கண்டேன்.
நாலு முட்டை.
மூடி, வயிற்றால் அமத்திவிட்டுப்
பூசணிக்குப் போய்விட்டது தன்பாட்டில்.

பதிவேட்டைத் திறந்து 7/39 என்று எழுதப்போனேன்.
இவை படகில் வரவில்லையே.
எந்தக் கரை என்று யாரும் கேட்டால்
சொல்ல ஓர் இடம் இருக்கிறது:
சைக்கிள் கொட்டில், பருத்தித்துறை.

அடுத்த தவணை மாசி பதினொன்று.
அதற்குள் பொரிக்குமா?
கோகுலவாசனைக் கேட்கலாம்,
கேட்டால் எழுதவேண்டி வரும்.

இன்று காலை ஒருவர் வந்தார்,
அந்தச் சைக்கிளை ஏலத்தில் விடுவீர்களா என்று.
வழக்கு முடியவில்லை என்றேன்.