இடப்பக்க வால்வு

எழுந்ததும் முதலில் அதைத்தான் முடுக்குவேன்.
பிறகு கெட்டில். பிறகு என் பல்.
மனிதரோடு பேசும் நிலைக்கு வர
இருபது நிமிடம் வேண்டும் அதற்கு.
எனக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

ரீகா. ஆற்றுக்கு இக்கரையில்
மரவீடொன்றின் இரண்டாம் மாடி.
எட்டரைக்கும் விடியாத ஜனவரி.
ஆறு வால்வுகளும் ஒவ்வொன்றாய்க்
கண் சிவந்து விழிக்கும்.
கூடாது என்று கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது;
இருந்தாலும் என் கையுறைகள்
அதன் பக்கத்தில்தான் காய்கின்றன.

முப்பத்தொரு கிலோ.
உல்டிஸும் அவன் தங்கை புருஷனும்
மூச்சிரைக்கத் தூக்கி வந்த அன்று
கீழ்வீட்டு மிர்ட்ஸா கதவிடுக்கில் நின்று கேட்டாள்:
யாருக்கு இந்தக் கல்லறைக் கல்?
விலையைப் பாதியாக்கி உல்டிஸிடம் சொன்னேன்.
அவனும் பாதி நம்பியதாகத் தலையாட்டினான்.

பகலெல்லாம் அடுத்தவர் வாய்க்குப்
பீங்கான் பற்கள் செதுக்குகிறேன்.
துரப்பணத்தின் கீச்சொலி காதோடு வீட்டுக்கு வந்துவிடும்.
அதைக் கழுவத்தான் இது என்பேன்,
கேட்பவரிடமெல்லாம்.
கேட்காதவரிடமும்.

முகப்பில் ஒரு சுவிட்ச்.
இடப்பக்கம் தள்ளினால் ஹெட்போன்,
வலப்பக்கம் ஸ்பீக்கர்.
வலப்பக்கம் சனிக்கிழமைக்கு மட்டும்,
அதுவும் ஒன்பது மணி வரை.
ஒன்பதே காலுக்கு மிர்ட்ஸாவின் துடைப்பக்கட்டை
என் தரையை, அவள் கூரையை,
இடிக்கத் தொடங்கும்.

நவம்பரில் இடது காதில்
யாரோ கரண்டியால் கண்ணாடியைத் தொட்டார்கள்.
பென்சிலின் பின்நுனியால்
ஒவ்வொரு வால்வையும் தட்டிப் பார்த்தேன்.
ஐந்து ஊமை.
இடப்பக்கச் சிறியது மட்டும்
ணிங் என்றது.

அதற்குக் காது முளைத்துவிட்டது,
தூக்கிப் போடு, என்றார்
சந்தைக்குப் பின்னால் வால்வு விற்கும் யெவ்கேனி.
நாற்பது யூரோவுக்குப் புதியதொன்று.
செய்தித்தாளில் சுற்றித் தந்தார்.
முள்கரண்டிகள் கிடக்கும் இழுப்பறைக்குள்
கடைசியில் தள்ளி வைத்தேன்,
நாளைக்கு மாற்றலாம் என்று.

அன்றிரவு செல்லோ தாழ்ந்த இடத்தில்
உல்டிஸ் நடந்து வந்தான்.
பலகையில் ஏறி, அலமாரியில் ஏறி,
கண்ணாடிக்குள் புகுந்து
என் இடது காதுக்குள்.
பனியில் வழுக்கிய வருஷத்திலிருந்து
அவன் இடது கால் சற்றுக் கனம்.
என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான்.
பாட்டின் ஒரு பகுதி முழுக்க நின்றான்.
பிறகு திரும்பிப் போனான்.

காலையில் கேட்டேன்.
பத்துக்கே தூங்கிவிட்டேனே, என்றான்
வெண்ணெய் தடவிக்கொண்டு.

மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாளும்.
ஒருவன் பேச வந்து பேசாமல் போவதற்கு
ஒரு சத்தம் உண்டு;
அதை இத்தனை துல்லியமாகக் கேட்க
நான் கொடுத்த முழு விலை எனக்குத்தான் தெரியும்.
ஏழு வாரம் ஒட்டுக்கேட்டேன்.
வெட்கமாயிருந்தது.
எட்டாம் வாரம், சரி, மாற்றிவிடுவோம் என்று
இழுப்பறையைத் திறந்தேன்.

செய்தித்தாளுக்குள் வால்வு.
வால்வைச் சுற்றி இன்னொரு தாள்.
டிராம் பணிமனையின் முத்திரை,
டிசம்பர் ஒன்பது.
கண் பரிசோதனை முடிவின்படி
மார்ச் முதல் வண்டி ஓட்ட
இவருக்கு அனுமதி இல்லை.

நான் உடனே மாற்றிவிடுவேன் என்று நினைத்திருக்கிறான்.
ஒலியில் ஒரு தூசி பொறுக்காதவள் அல்லவா நான்.

சுற்றியிருந்தபடியே சுற்றி வைத்தேன்.
இரவு ஹெட்போனை மாட்டினேன்.
எதையும் போடவில்லை,
வால்வுகளின் மெல்லிய இரைச்சல் மட்டும்.
பத்து நாற்பதுக்குக் கனமான கால் வந்தது. நின்றது.

ஹெட்போனைக் கழற்றி
சுவிட்சை வலப்பக்கம் தள்ளி
செல்லோவைத் திறந்துவிட்டேன்.
நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தேன்.
அதில் இரண்டு பேர் உட்கார முடியாது.
உட்கார்ந்தோம்.

கீழிருந்து துடைப்பக்கட்டை, மூன்று முறை.
உல்டிஸ் இடது காலால்
மூன்று முறை திருப்பித் தட்டினான்.
இடது ஸ்பீக்கரில்
ணிங்
ணிங்
ணிங்.