புதன் பொதி

ஞாயிறு பின்னேரம் குசினி எனக்கு மட்டும்.
கடையில் எட்டுப் பொதி
ஆறு டொலர் நாற்பத்தொன்பது சதம், பாதிக்கு மேல் சீனி.
நானே செய்கிறேன் என்று சொல்லி
இது மூன்றாவது பனிக்காலம்.

ஓட்ஸை முதலில் வெறும் சட்டியில் வறுக்க வேண்டும்,
ரவை வறுக்கிற அதே பொறுமையோடு.
கரண்டியை விட்டு ஃபோனை எடுத்தால் போச்சு.
மூன்றில் ஒரு பங்கைக் கிரைண்டரில் மாவாக்க வேண்டும்.
மாவில்லாமல் சுடுதண்ணீர் விட்டால்
தண்ணீர் ஒரு பக்கம், சக்கை ஒரு பக்கம்,
ஒரே வீட்டில் இருந்து கதைக்காத ஆட்கள் போல.

மேல்வீட்டு டேரல் எட்டு மணிக்கே படுப்பவர்.
நாங்கள் நிலக்கீழ் அறைக்காரர்.
கிரைண்டரைத் துவாயால் சுற்றி
நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அரைக்கிறேன்.

பால்மா இரண்டு கரண்டி. கறுவா கொஞ்சம்.
முந்திரிகை வத்தலை எண்ணித்தான் போடுவேன், பதினொன்று.
ஏன் பதினொன்று என்று சுகிர்தா கேட்டதில்லை,
நானும் யோசித்ததில்லை.

உப்பு மறந்த கிழமை ஒன்று இருந்தது.
ஐந்து நாளும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள்.
வெள்ளிக்கிழமை,
கழுவிக் கவிழ்த்திருந்த வெறும் பொதியில்
மார்க்கரால் ஒரே ஒரு வார்த்தை:
குப்பையிலே.
முன்பாதியை நானே நிரப்பிச் சிரித்தேன்,
மறுநாள் காலை ஏழரைக்கு, தனியாக.

எங்கள் கடிதமெல்லாம் இப்படிப் பொதிகளில்தான்.
விடிய முன்னம் ரெஜைனாவின் முதல் பஸ்ஸை
அவள் கராஜிலிருந்து எடுக்கும்போது
நான் ஆஸ்பத்திரிச் சலவையறையில்
கடைசி வண்டில் விரிப்புகளை மடிக்கிறேன்.
நான் எழும்பும்போது அவள் பின்னேர ஓட்டத்தில்.
கராஜில் கெட்டிலைப் போட்டு,
அன்றைய நாளைக் கிழித்துக் கோப்பையில் கொட்டி,
மூடி இரண்டு நிமிடம்,
பத்துக் கரண்டியில் முடித்து
ஸ்டியரிங்கைப் பிடிப்பாளாம்.
நான் பார்த்ததில்லை.

போன புதன்கிழமை
பனிப்புயல் வந்து பஸ்ஸெல்லாம் நிறுத்திவிட்டார்கள்.
எனக்குத் தெரியாது.
பனி அள்ளுகிற ட்ரக்காரன் ஒருவன்
தெருமுனை வரை ஏற்றிவந்து விட்டான்.
சப்பாத்தைக் கழற்றும்போது கெட்டில் இரைகிற சத்தம்.
மேசையில் அவள், என் பழைய ஸ்வெட்டரோடு.
முன்னால் உடைக்காத பொதி, என் கையெழுத்து: புதன்.

"வியாழனையும் உடைக்கட்டா?"
"வேண்டாம், நாளைக்கு வேலை இருக்கெல்லோ.
தண்ணியைக் கூட்டி விடுங்கோ."

ஒரு ஆளின் அளவு,
இரண்டு ஆளின் தண்ணீர்.
கஞ்சி என்றும் சொல்ல ஏலாது, பால் என்றும் சொல்ல ஏலாது.
வத்தலைப் பிரித்தோம். ஆறு எனக்கு.
தன் ஐந்தைச் சுட்டிக்காட்டி
"இதென்ன கணக்கு" என்றாள், முதல் தடவையாக.

இரண்டு நிமிடத்தில் ஆகிற சாப்பாட்டைப்
பத்தரை வரை சாப்பிட்டோம்.
நடுவில் இரண்டு தரம் மைக்ரோவேவில் வைத்தோம்.
அவளுடைய தமக்கையின் வீட்டுக் கடன்,
ஆட்டம் காணும் என் கடைவாய்ப் பல்,
தினமும் கடைசித் தரிப்புவரை வந்து
இறங்காமலே திரும்பிப் போகிற ஒரு மனிதர்.
அவர் இன்றைக்கு என்ன செய்வார் என்று
இரண்டு பேரும் கொஞ்ச நேரம் யோசித்தோம்.
நிலத்தோடு ஒட்டிய யன்னலைப் பனி மூடி
வெளிச்சம் பால்மா நிறத்தில் உள்ளே வந்தது.

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள்.
நாள் பார்ப்பவர்கள் சொன்னது.
நான் இதுவரை நாள் பார்த்தவனில்லை.

கோப்பையில் காய்ந்து ஒட்டியதைச் சுரண்ட
கால் மணித்தியாலம் போனது.

இன்றைக்கு மறுபடி ஞாயிறு.
ஐந்து பொதிகள் வாய் திறந்து நிற்கின்றன.
வானிலையைப் பார்த்துவிட்டேன்:
கிழமை முழுக்க வெயில், மைனஸ் பதினெட்டு, காற்று இல்லை.
புதனுக்குள் மட்டும்
இன்னொரு அரைக் கோப்பை போட்டேன்.
வத்தல் பன்னிரண்டு.