சேதமதிப்பீட்டுப் படிவத்தின் பின்பக்கம்

மாங்குளச் சந்திக்குக் கிழக்கே
கூரையில்லாத விடுதிக் கட்டடம்.
மிதிவெடி அகற்றியவர்கள் கட்டிப்போன மஞ்சள் நாடா
காயா மரத்தில் இன்னும் ஆடுகிறது.
என் கையில் இருப்பது வேறு நாடா, முப்பது மீற்றர்.

படிவத்தில் ஏழாம் கேள்வி:
வடிவமைத்தவர் பெயர், தெரிந்தால்.
தெரியும்.
வவுனியாக் கச்சேரியில் கறையான் மிச்சம் வைத்த கோப்பில்
சாய்வில்லாத கையெழுத்து:
ஆர்ச்சிபால்ட் கின்னியர்ட்.

ஸ்கொட்லாந்தில் ஆர்ப்ரோத் என்றொரு கடற்கரை.
தகப்பன் மீனுக்குப் புகை போடுகிறவன்.
மகன் பன்னிரண்டு வயதில் கல்லுக் கொத்தப் போய்
பத்தொன்பதில் டண்டீயில் பென்சில் பிடித்து
இருபத்தெட்டில் ஒரு நகர மண்டபத்துக்குப் படம் வரைந்து
போட்டியில் இரண்டாவதாய் வந்தான்.
இரண்டாவதாய் வந்தவனுக்குக் கட்டடம் கிடையாது.
கப்பல் இருந்தது.

பொதுவேலைப் பகுதி அவனை வன்னிக்கு அனுப்பியது.
மூன்று தபாற்கந்தோர், ஒரு மறியல் வீடு,
முல்லைத்தீவில் உப்புக் களஞ்சியம்,
பிறகு இது.
கடிதமெல்லாம் சண்டை:
செங்கல் வேகவில்லை. சுண்ணாம்பில் மணல் கூட.
வண்டிக்கார மாரிமுத்தரை மூன்று கிழமையாய்க் காணவில்லை.
காய்ச்சல். கொயினா. திரும்பவும் காய்ச்சல்.
ஒரேயொரு வரியில் சந்தோசம்,
முதிரை மரம் தன் உளியைத் தோற்கடித்ததாம்.

கூரைக்கு ஐம்பது பாகைச் சாய்வு.
ஏன் என்று கேட்ட மேலதிகாரிக்கு
மழைக்கு, என்று பதில்.
கை பழகியிருந்தது பனிக்கு.
அடுத்த கேள்வி: கணப்படுப்பு ஏன்,
சித்திரையில் காகமும் வாய் பிளக்கிற இடத்தில்?
அதற்குப் பதில் கோப்பில் இல்லை.
புகைபோக்கி இருக்கிறது.

ஊர் திரும்பி, ஒரு வங்கி, இரண்டு தேவாலயம்,
பள்ளிக்கூடம் ஒன்று.
இறந்தபோது சங்கத்தின் சஞ்சிகையில் ஆறு வரி.
ஐந்தாம் வரியில் 'சில வருடம் கிழக்கில்'.
அந்தச் சிலவுக்குள்தான் நான் நின்று அளக்கிறேன்.

வருடாந்தக் கணக்கெடுப்பு, ஆண்டுக்கு ஆண்டு ஒரே வாசகம்:
கணப்படுப்பு ஒன்று, பாவிக்கப்படவில்லை.
குனிந்து உள்ளே கையை விட்டேன்.
முழங்கை வரை கரி.

நாடாவின் மறுமுனையில் றெஜினோல்ட் சிரித்தான்.
"அது நாங்கள் மிஸ். இடம்பெயர்ந்து வந்த ஐப்பசி.
பதினொரு குடும்பம், ஒரு கிடாரம் கஞ்சி.
வெளியில மூட்டினா வெளிச்சத்தை வண்டு பாக்கும்.
மேல சுத்திக்கொண்டே இருக்கும், தெரியும்தானே.
இது நல்லா இழுத்தது.
ஒரு பிள்ளைக்கும் கண் எரியேல்லை."

தெரியும் என்றேன்.
நானும் அப்போது தேவிபுரத்தில்
ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தேன்.

உயரம் எட்டு மீற்றர் நாற்பது.
சன்னம் பட்ட இடம் ஒன்பது. விரிசல் இல்லை.
திருத்தலாம், இடிக்கலாம்: இரண்டு பெட்டி.
எதிலோ என் பெருவிரல் முதலில் பட்டுவிட்டது.
அழித்தால் இன்னும் பரவுகிறது.

"அந்தாளுக்குச் சம்பளம் எவ்வளவு மிஸ்?"
அந்தப் பக்கத்தைக் கறையான் தின்றிருந்தது.
நாடாவைச் சுற்றச் சொன்னேன்.
ஐந்தேகாலுக்குக் கிளிநொச்சி பஸ்.