உடல் சூட்டில் வைத்திருக்கவும்

அதிகாலை மூன்று ஐம்பது.
கண்ணைத் திறக்குமுன் வாயைத் திறக்கிறேன்.
நாக்கின் கீழ் வெப்பமானி.
எழும்பக்கூடாது, பேசக்கூடாது,
ஒரு மிடறு தண்ணீரும் கூடாது.
முப்பத்தாறு புள்ளி மூன்று.
யன்னலுக்கு வெளியே வினிபெக்
சைபருக்குக் கீழே இருபத்தொன்பது.
அரைத்தூக்கத்தில் சில நாள்
வெளியின் எண்ணைக் கொப்பியில் எழுதி
வெட்டியிருக்கிறேன்.

பதினொரு மாதக் கொப்பி.
புள்ளிகளை இணைத்தால்
நான் ஓட்டும் பஸ்ஸின் பாதை மாதிரி:
நேராகப் போய், ஓரிடத்தில் பாலமேறி,
பன்னிரண்டு நாள் மேலேயே நின்று,
பிறகு ஒரு காலை
சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிவிடும்.
இறங்கிய அன்று ஒன்றும் எழுதுவதில்லை.
சீருடையை மாட்டிக்கொண்டு போய்
முதல் பஸ்ஸைக் கிளப்புவேன்.

முட்டை ஒரு நாள்தான் காத்திருக்குமாம்.
அதுவும் முழு நாள் இல்லை.
ஓடிவருபவர்களுக்காக நானும்
தரிப்பில் அரை நிமிடத்துக்குமேல் நிற்பதில்லை,
ஆகையால் அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

மார்க்கத்து மச்சாள் பட்டியல் அனுப்புகிறாள்.
அத்திப்பழம், எள்ளுருண்டை, முருங்கையிலை.
பப்பாசி தொடாதே.
அன்னாசி பற்றி அவளுக்கே இரண்டு கருத்து.
முருங்கையிலை இங்கே
பனிக்கட்டியாய்ப் பொதியில் வருகிறது,
சார்ஜன்ற் வீதிப் பிலிப்பினோ கடையில்.
மலுங்காய் என்கிறாள் கடைக்காரி;
பெயரில் காய், உள்ளே இலை.
பால் சுரக்க நல்லது,
பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கேட்டாள்.
வறைக்கு என்றேன்.

நிரூபன் முதலில் சிகரெட்டை விட்டான்,
பிறகு வெந்நீர்த் தொட்டியை,
பிறகு ஆசையாய் ஏதும் பேசுவதை.
சோதனைக் குச்சியில் இரண்டு கோடும்
ஒரே கறுப்பாய் வரும் நாளில்
'இன்றைக்கு' என்று மட்டும் செய்தி அனுப்புவேன்.
'சரி' என்று வரும்,
கறண்ட் பில் கட்டச் சொன்னதுபோல.

பெப்ரவரி வியாழன் அவனுடைய முறை.
தாளில் எழுதியிருந்தது:
ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவரவும்.
உடல் சூட்டில் வைத்திருக்கவும்.
இரவு எஞ்சினுக்கு வயர் குத்த மறந்திருந்தோம்.
சாவியைத் திருப்பினால் ஒரேயொரு இருமல்.
டாக்ஸி நாற்பது நிமிடம் என்றது.
ஆறு நிமிடத்தில் பஸ் என்றேன்,
அட்டவணை எனக்குத் தலைகீழ்ப் பாடம்.

நீல மூடிப் போத்தலை பெனியனுக்குள் வைத்து
சுவெற்றர், இன்னொரு சுவெற்றர், கோட்,
மேலே இரண்டு கையும் கட்டி நடந்தான்.
பனியில் வழுக்கியபோதும் கையை விரிக்கவில்லை.
தோளால் மதிலில் மோதி நின்றான்.

அன்று ஓட்டியவன் ரொமேல்.
லீவு நாளிலுமா பஸ் என்றான் என்னிடம்.
ஆளுக்கு வயிற்றுவலியா?
ஓமென்று தலையாட்டினான் நிரூபன்.
பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி
காதுப்பொறியைக் கழற்றாமலே எழும்பி
முன் இருக்கையைக் காட்டினாள்,
வயிறு பெருத்த பெண் படம் ஒட்டிய இருக்கை.
படத்தின் கீழே அவன் அமர்ந்தான்.
நான் பார்த்தேன். அவன் நிமிர்ந்து படத்தைப் பார்த்தான்.
எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு,
குலுங்கினால் கூடாதென்று
பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான்.
என் கையையும் கோட்டுக்குள் இழுத்தான்,
சூடு காணாதாம்.

போர்டேஜ் சந்தியில்
ரொமேல் ஒரு மஞ்சள் விளக்கைத் தாண்டினான்.
அவனுக்கு ஒன்றும் தெரியாது.
நானென்றால் பிரேக் போட்டிருப்பேன்.

நாற்பத்தெட்டாவது நிமிடம்
யன்னல்காரி போத்தலை வாங்கி நேரத்தை எழுதினாள்.
அதன் பிறகும் அவன் கை கட்டியபடியே நின்றான்.
'வெறுமையாய் இருக்குது' என்றான்.
எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

மறுநாள் மூன்று ஐம்பது.
வெப்பமானியைத் தேடிய கையில்
இளஞ்சூடாய் அதை வைத்தான்.
இரவெல்லாம் கக்கத்தில் வைத்திருந்தானாம்,
நாக்குக்குக் குளிரக்கூடாதென்று.
அப்படிச் செய்தால் அளவு பிழைக்கும்
என்று சொல்ல வாயைத் திறந்தேன்.
உள்ளே வைத்துவிட்டான்.
இனிப் பேசக்கூடாது.