இரண்டு ஆள் கயிறு

எங்கள் சங்கத்துக்குப் பதிவு எண் கிடையாது.
ஐந்து பேர், மூன்று மணி,
சக்கிரீஸ்தில் ஆணியில் தொங்கும் ஒரு காலண்டர்.
முறை அதில் பென்சிலால்:
திங்கள் காலை மணி வியாகுலம்
(எஸ்டேட்டில் ஏழரைக்குப் பேர் கூப்பிடுவார்கள்,
அதற்குள் இறங்கி ஓடியிருப்பாள்).
செவ்வாய், தையல்கடை திறக்குமுன், நான்.
புதனுக்கு நேரே 'யாராவது' என்றிருக்கும்.
யாராவது வந்துவிடுவார்கள்.

புதுக் கயிறு வாங்க மாசியில் சேலம் இறங்கினோம்.
செவ்வாய்ப்பேட்டையில் பேரம் பேசி நாற்பது அடி.
ஏற்காடு பஸ்ஸில் லக்கேஜ் போட்டார் கண்டக்டர்.
"கோயில் கயிறுங்க" என்றான் கபிரியேல்.
"சாமிக்கு டிக்கெட் இல்லை, கயிற்றுக்கு உண்டு."
தூங்குகிற பிள்ளைபோல
அதை மடியில் வைத்தே வளைவு வளைவாக ஏறினோம்.
பதினேழாவது வளைவில்
கபிரியேல் அதன்மேலேயே வாந்தியெடுத்தான்.
சாமியாருக்கு இன்றுவரை தெரியாது.

ஞாயிறு இரண்டாம் பூசைக்கு
ஊரையே உள்ளே கூப்பிட்டுவிட்டு
நாங்கள் வெளியே போவோம், மிளகாய் பஜ்ஜிக்கு.
பிரசங்கம் முடிவது எப்படித் தெரியும் என்கிறீர்களா?
அதுவரை அடக்கிவைத்த இருமலெல்லாம்
ஒன்றாகக் கேட்கும்.
வாயைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து
எழுந்தேற்றத்துக்குக் கயிற்றைப் பிடிப்போம்.
மணியிலும் கொஞ்சம் எண்ணெய் வாசம்தான்.

அந்த பஜ்ஜிக் கடையில்தான் சீட்டுப் பிடித்தோம்.
நோட்டு பெலவேந்திரனிடம்.
கார்த்திகையில் எஸ்தாக்கி எடுத்தான்,
மகளின் நர்சிங் ஃபீசுக்கு.
இரண்டு தவணை கட்டினான். அப்புறம் இல்லை.
"கயிறு பிடிக்கத் தெரியுது,
தவணை பிடிக்கத் தெரியலையோ"
என்று பெலவேந்திரன் கேட்டது
எண்ணெய்ச் சட்டிக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கும் கேட்டது.

அன்றிலிருந்து காலண்டரை நான்தான் எழுதினேன்,
இரண்டு பேரும் ஒரே நாளில் வராதபடி
அழித்து அழித்து,
டிசம்பர் தாளில் ஓட்டையே விழுந்துவிட்டது.

பெரிய வியாழன் இரவு மணிகளைக் கட்டிப்போட்டோம்.
வெள்ளிக்கிழமை சிறுவர்கள்
மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவைச் சுற்றினார்கள்.
எங்களுக்கு வேலையில்லை.
வேலையில்லாத கையை எங்கே வைப்பதென்றும் தெரியவில்லை.
காப்பி பூத்த வாரம் அது,
சரிவெல்லாம் வெள்ளை; துக்கம் கொண்டாடுகிற ஊருக்கு
சொல்லாமல் வந்த கல்யாண வாசனை.

சனி நள்ளிரவு. 'உன்னதங்களிலே' தொடங்கியதும்
விளக்கெல்லாம் எரிய வேண்டும், மூன்று மணியும் பேச வேண்டும்.
பெரிய மணிக்கு இரண்டு ஆள்.
கபிரியேலும் பெலவேந்திரனும் என்று எழுதியிருந்தேன்.
கபிரியேல் ஓட்டிவந்த லாட்ஜ் ஜீப்
பனியில் ஏதோ ஒரு வளைவில் நின்றுபோனது.
மிச்சம் இருந்தது எஸ்தாக்கி.

முகம் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தார்கள்.
ஒருவன் குனிய ஒருவன் நிமிர,
ஒருவன் நிமிர ஒருவன் குனிய,
நான்கு கையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்க,
சின்ன மணியில் நான்
எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

பாட்டு முடிந்தது.
நானும் வியாகுலமும் நிறுத்திவிட்டோம்.
பெரிய மணி நிற்கவில்லை.
யார் முதலில் விடுவது என்பதுதான் சிக்கல்.
கோயிலே திரும்பிப் பார்க்கிறது.
விரித்த கையோடு செபத்துக்குக் காத்திருக்கிறார் சாமியார்.
உயிர்த்தவர் ஒருவேளை மறுபடி படுத்துக்கொள்ளலாமா
என்று யோசித்திருப்பார்.

"போதும்யா ரெண்டு பேரும்!"
வியாகுலம் கத்தியது மைக்கில் கேட்டது.

கயிறு அவிழும்போது
"மெதுவா விடு, கையைக் கிழிக்கும்"
என்றார் பெலவேந்திரன்.
கயிற்றிடம் சொன்னாரா என்றும் இருக்கலாம்.

மறுநாள் கடையில் யாரோ கேட்டார்கள்:
"இந்த வருசம் ரொம்ப நேரம் அடிச்சீங்களே?"
"பண்டிகை இல்லையா" என்றான் எஸ்தாக்கி.
பக்கத்து பெஞ்சிலிருந்து ஒரு "ஆமா".
நோட்டு சட்டைப்பையில்தான் இருந்தது.
அன்று எடுக்கவில்லை.

மே மாதத் தாளில் இப்போது
புதனுக்கு நேரே எழுதுகிறேன்,
இன்னும் பென்சிலால்தான்.