லத்தேரிக்காரர் ரம்பம்

மரமில்லாத மலையைப் பார்த்துக்கொண்டு
ரம்பம் செய்கிறவள் நான்.
இதைச் சொல்லிச் சிரிக்காதவர் கொசப்பேட்டையில்
இரும்புக்கடை வகாப் பாய் ஒருவர்தான்.
அவருக்கு நான் எழுநூறு பாக்கி.

முனிரத்தினம் வந்தது சித்திரை கடைசியில்.
வலது கை துண்டுக்குள் இருந்தது.
காட்பாடி மில்லில் இழைப்பு மெஷின்
கட்டைவிரலை எடுத்துக்கொண்டதாம்.
"மெஷின் மேல தப்பில்ல,
அன்னிக்கி எனக்குத்தான் அவசரம்."
மீதி நாலும் நன்றாக மடங்கின.
"எடது கையில பழகுன்றாங்க.
எடது கைக்கு நான் யாருன்னே தெரியாதும்மா."

சப்பாத்தி மாவு பிசைந்து கொடுத்தேன்.
ரம்பம் மாதிரி பிடியுங்கள்.
பிடித்தார்.
விரல் இல்லாத பக்கமாகப்
பிதுங்கி வழிந்தது மாவு.
அதைக் காயவைத்து, சுற்றி வரைந்து,
அட்டையில் வெட்டினேன், ஒன்பது பிடி.
ஒன்பதிலும், தள்ளும்போது நழுவியது கை.

ராத்திரி எதிர்க் கடையைச் சாத்தினார்கள்.
கொக்கிக் கம்பியை மாட்டி
ஷட்டரைக் கீழே இழுத்தான் பையன்.
நாலே விரல்.
கட்டைவிரல் செல்போனில் இருந்தது.

அப்படியென்றால் பல்லைத் திருப்பு.
முனை அவரைப் பார்க்கட்டும்.
தள்ளுகிற தகடு நெளியும், அதற்குத் தடிப்பு வேண்டும்.
இழுக்கிற தகடு தானே நிமிரும்,
மெலிசு போதும்.

மரவாடியில் அறுந்துபோன பட்டை ரம்பம்,
எடைக்கு வாங்கியது.
வளைத்து விட்டால் 'டொய்ங்' என்று நேராக வேண்டும்,
இது 'டொக்' என்றது.
விளக்குக்கு நேரே பிடித்து
நிழல் எங்கே கோணுகிறதோ அங்கே ஒரு தட்டு.
ஓங்கி இல்லை,
தூங்குகிற குழந்தையின் கன்னத்தில்
கொசுவை அடிக்கிற அளவு.

அங்குலத்துக்கு ஒன்பது பல்.
பல்லுக்கு மூன்று இழுப்பு, முக்கோண அரத்தால்.
நாலாவது இழுத்தால் பல் குட்டையாகிவிடும்.
குட்டைப் பல் எதையும் வெட்டாது,
கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு வரும்.
(ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
என்னோடு அப்படி இரண்டு பேர் இருந்தார்கள்.)
சத்தம் கூசுகிறதென்று மாடிவீட்டு யமுனா
டிவியைக் கூட்டி வைத்தாள்.
எனக்கும் கூசும்.
கூசவில்லை என்றால் அரம் மழுங்கிவிட்டது.

பிறகு சாய்ப்பு.
ஒன்று இடம், ஒன்று வலம், தாள் கனம்தான்.
தன்னைவிடக் கொஞ்சம் அகலமாய்
வழி வெட்டிக்கொள்ளாத ரம்பம்
மரத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

பிடி, வாகை.
கடைசியில் கீழ்நோக்கி ஒரு வளைவு,
சுண்டுவிரல் கொக்கி போடுவதற்கு.

வேப்பம்பலகையில் வைத்துப் பார்த்தார்.
இருபது வருஷமாய்த் தள்ளிய தோள்
தள்ளியே பார்த்தது.
ரம்பம் முறைத்துக்கொண்டு நின்றது.
"இழுங்க."
இழுத்தார்.
தூள் அவர் கால்மேல் விழுந்தது.
"என் பக்கம் வருதே" என்று
கொஞ்ச நேரம் காலையே பார்த்தார்.
அப்புறம் விலையில் நூறு குறைத்தார்.

ஆடியில் கூர் போட வந்தார்.
பிடியைத் திருப்பிய நான்
அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.
இடப்பக்கம், வழுவழுவென்று, ஒரு குழி.
நான் செதுக்கியதுதான்.
மாவு பிசைந்து, அட்டை வெட்டி,
இத்தனையும் யோசித்த பிறகும்
என் கை பாட்டுக்குக்
கட்டைவிரலுக்கு ஓர் இடம் தோண்டியிருக்கிறது.

குழி நிறைய மெழுகு.
மெழுகில் ஒரு விரல் தேய்த்த தடம்.

"எடம் வுட்டுகீறீங்க, சும்மா வுடறதா?
தகடு இறுகும்போது தொட்டுத் தடவிக்கிறேன்.
நல்லாத்தான் ரோசன பண்ணி வச்சிகீறீங்க."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எண்பத்தோரு பல்லும் கூர் போட்டுக் கொடுத்தேன்.
காசு வாங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.
நாற்பது ரூபாய் வாங்கினேன்.
வகாப் பாய் இன்னும் சிரிக்கவில்லை.