மூன்றாம் நிபந்தனை

வக்கீல் எங்கே என்றார்கள்.
வரவில்லை என்றேன்.
வைக்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும்.
அவர் ஒருமுறை எழுந்து நிற்கக் கேட்கும் தொகைக்கு
நான் நூற்றுப்பத்து வாளி தெக்தெக் சிப்பி
பொறுக்க வேண்டும்,
பொறுக்கும் இடத்துக்கோ
போகக் கூடாது என்பதுதான் விவகாரமே.

மாயேபூர் நீதிமன்றத்தின் மின்விசிறி
எனக்கு முன்பே என் மனுவைப் புரட்டிக்கொண்டிருந்தது.
மகனின் பள்ளி நோட்டில் கிழித்த மூன்று தாள்,
ஒன்றின் பின்பக்கம் பின்னக் கணக்கு.
கிரியோலில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதினேன்.
கோபம் வந்த இடங்களில் மட்டும்
தமிழ் முந்திக்கொண்டு வந்தது.
அடித்துவிட்டேன்.

பெயரைக் கூப்பிட்டார்கள்: ஆர்மூகம்.
கப்பல் வந்து இறக்கிய நாளில்
எவனோ ஒரு குமாஸ்தா காதால் எழுதியது.
ஆறு முகத்தோடு வந்தவருக்கு
ஒன்றுகூட மிச்சம் வைக்காத எழுத்து.
இருக்கட்டும்.
ஜாமீன் கட்டியது அந்தப் பெயர்தான்,
அதுவே எழுந்து நிற்கட்டும்.

ஐயா,
முதல் நிபந்தனையில் எனக்குக் குறையில்லை.
பாஸ்போர்ட்டை ஒப்படைக்கச் சொன்னீர்கள்.
எனக்கு அது இருந்ததே கிடையாது,
இல்லாததை ஒப்படைத்துவிட்டேன்.

இரண்டாவது,
தினமும் காலை ஆறு மணிக்குக்
காவல் நிலையத்தில் கையெழுத்து.
மூன்றாவது,
கடலுக்கு ஐந்நூறு மீட்டருக்குள்
கால் வைக்கக் கூடாது.

ஐயா, காவல் நிலையம் இருப்பதே கரையோரம்.
நேற்று அளந்தேன்.
அதன் வாசற்படியிலிருந்து அலைவரைக்கும்
இருநூற்றுப் பதினோரு எட்டு.
என் எட்டு சின்னது.
இரண்டைக் காப்பாற்றினால் மூன்று உடைகிறது.
பதினெட்டு நாளாக
நாளுக்கொரு குற்றம் செய்கிறேன்,
அதைச் செய்ய எனக்குப் பேனா எடுத்துத் தருவதே
போலீஸ்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

அடுத்தது நிலையத்தின் டைரிப் புத்தகம்.
எனக்கு அந்தச் சனிக்கிழமைப் பக்கம் வேண்டும்.
மாலை ஐந்து நாற்பதுக்கு
ஓட்டல் வேலியடியில் குந்தியிருந்து
நான் கம்பி அறுத்ததைக்
கண்ணால் கண்டதாகக் கான்ஸ்டபிள் சொல்கிறார்.
ஐந்து நாற்பதுக்கு அந்த வேலியடியில்
முழங்கால் மூழ்கத் தண்ணீர்.
குந்தியவள் நெஞ்சுவரை நனைந்திருப்பாள்.
என்னை ஜீப்பில் ஏற்றியபோது
என் பாவாடை ஈரமா, காய்ந்திருந்ததா?
யாராவது எழுதியிருப்பார்கள்.
எழுதாமல் விட்டிருந்தால்
விட்ட இடத்தையாவது நான் பார்க்க வேண்டும்.

புத்தகம் போர்ட் லூயிக்குப் போயிருக்கிறது
என்றார் இன்ஸ்பெக்டர்.
எப்போது திரும்பும் என்று கேட்டதற்கு
மேலே பார்த்தார், மின்விசிறியை.
புத்தகத்துக்கு நிபந்தனை எதுவும் இல்லைபோல,
இஷ்டத்துக்குத் தீவைச் சுற்றுகிறது.

தீர்ப்பு என்று சொல்ல முடியாது, உத்தரவு:
கையெழுத்து இனி ரோஸ்பெல் நிலையத்தில்,
திங்களும் வியாழனும்.
புத்தகத்தின் நகல் பதினாலு நாளில்.
மூன்றாவது அப்படியே.

ஏன் என்று கேட்க வாயெடுத்தேன்.
அடுத்த வழக்கின் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நீதிமன்றப் படியில் நின்றாலே
விரிகுடாவின் வாடை.
இங்கே நிற்பதும் குற்றம்தானா என்று
உள்ளே கேட்காமல் வந்துவிட்டேன்.
கம்பி அறுந்தது வெள்ளிக்கிழமை,
நீர் வற்றிக் கிடந்தபோது.
அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மனுவின் இரண்டு பக்கமும் முத்திரை குத்தி
எழுத்தர் கோப்பில் கட்டிவிட்டார்.
ஏழில் மூன்றும் ஐந்தில் இரண்டும்
இப்போது அரசாங்கத்திடம்.
ராத்திரி மகன் அந்தத் தாளைக் கேட்பான்,
நாளைக்குப் பள்ளியில் காட்ட வேண்டும் என்பான்.
பதினாலு நாள் என்று சொல்லிப் பார்க்கிறேன்.